வாக்குமூலம் என்னும் விபூதி

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-ல் இலங்கையிலிருந்து ஒரு சவால் விட்டார். அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் எவரும், ஏமாற்ற வழியில்லாத சூழலில் அதைச் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாராலும் வாங்க முடியவில்லை. நம் பகுத்தறிவு மேடைகளில் இன்றைக்கும் இந்தக் கதைக்குக் கைதட்டல் உண்டு. சவாலின் உயிர் இருந்தது அந்த நிபந்தனையில்தான். வெறுங்கையில் விபூதி வரவழைப்பவர் தன் மடத்தில், தொளதொள அங்கியோடு, தன் பக்தர்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு வரவழைத்தால் அது செல்லாது.

கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மறுநாள் பேப்பரைப் பிரிக்கிறோம். போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று போட்டிருக்கிறது. நம்பிவிடுகிறோம். விசாரணை நடந்த அறை போலீசுடையது. கதவும் தாழ்ப்பாளும் அவர்களுடையவை. தாள், பேனா, அருகில் நின்ற சாட்சி, வெளியே வந்து நிருபர்களிடம் சொன்ன வாய், எல்லாம் அவர்களுடையவை. கோவூர் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை. கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரம் காட்டு என்று பக்தர் கேட்டால், இருக்கிறது என்று சொல்பவர்தானே நிரூபிக்க வேண்டும் என்று சட்டென மடக்குகிறோம். அதே வாயால், “ஒண்ணும் பண்ணாதவனை எதுக்குய்யா பிடிக்கப் போறாங்க?” என்கிறோம்.

குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்ற விதியைக் குற்றவாளிக்குக் காட்டும் இரக்கம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சொல்பவர் நிரூபிக்கட்டும் என்ற பழைய நாத்திக வாதம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் அதுதான் இந்த விதி. இதை ஏற்காத தோழர் கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம், ராகுகாலத்தில் கல்யாணம் செய்திருக்கலாம். அவரை நாத்திகர் என்று ஒப்புக்கொள்வேன். பகுத்தறிவாளர் என்று சொல்ல எனக்கு நா எழாது.

தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கைக்கு ஒரு நகைச்சுவைக் கிளையும் உண்டு. கைதானவர் கையில் மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்பார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று செய்தி வரும். நாம் மீம் போட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே அடிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அடி தாங்காதவன் எதை வேண்டுமானாலும் சொல்வான் என்றும் தெரியும். அப்புறமும் அங்கே அவன் சொன்னது உண்மை என்று நம்புகிறோம். இந்த மூன்றும் ஒரே மண்டைக்குள் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன? 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்தபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த லத்தியும் மாவுக்கட்டு லத்தியும் வெவ்வேறு கடையில் வாங்கியவை அல்ல.

நம் ஊர்க் கொலை வழக்குகளில் இன்னொரு அற்புதமும் அடிக்கடி நிகழும். கொலை செய்தவர் பெற்ற தாயிடம் சொல்லமாட்டார், கட்டிய மனைவியிடம் சொல்லமாட்டார். முன்பின் பழக்கமில்லாத விஏஓவைத் தேடிப்போய், அவர் முன் நின்று மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்வார். விஏஓ அதை எழுதிக்கொண்டு ஆளைப் போலீசில் ஒப்படைப்பார். பிறகு அந்த ஆள் காட்டிய புதருக்குள்ளிருந்து ரத்தக்கறை படிந்த அரிவாள் கிடைக்கும். மகஜரில் அதே விஏஓ கையெழுத்துப் போடுவார். இப்படி ஒன்றிரண்டு நடந்திருந்தால் நம்பலாம். ஜில்லாவுக்கு ஜில்லா இதே கதை என்றால் சீரடி பாபா படத்திலிருந்து விபூதி கொட்டுகிற வீடுகளின் கதைதான்.

சட்டம் எழுதியவர்கள் நம்மைவிடச் சந்தேகப் பேர்வழிகளாக இருந்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரிகள் நடத்தும் சித்திரவதையை விசாரிக்க ஒரு கமிஷன் போடப்பட்டு, 1855-ல் அது அறிக்கை கொடுத்தது. விரலை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் பிணைக்கும் அண்ணாந்தாள் என்று கருவிகளும் முறைகளும் அதில் வரிசையாக வருகின்றன. வரி பிடுங்கவும் வாக்குமூலம் பிடுங்கவும் ஒரே கிட்டிதான். 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக வைக்கக் கூடாது என்றது. 1872-ன் சாட்சியச் சட்டத்தில் அது 25-வது பிரிவாக நின்றது. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பாமல் எழுதிவைத்த வரி அது. இன்றைய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அது 23-வது பிரிவாக உயிரோடு இருக்கிறது. நீதிமன்றத்தில் செல்லாத அந்தக் காகிதம்தான் நம் வீட்டு வரவேற்பறையில் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

சுதந்திர இந்தியாதான் அந்த வரியில் ஓட்டை போட்டது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15-வது பிரிவு, எஸ்.பி. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் செல்லும் என்றது. எஸ்.பி. ஆனவுடன் ஒரு போலீஸ்காரர் போலீஸ்காரராக இருப்பதை நிறுத்திவிடுகிறார் போலும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. ஒருவர் விடாமல் 26 பேருக்கும். அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. தடாக் குற்றமே இதில் இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவில் எடுத்த வாக்குமூலங்களை மட்டும் சான்றாக வைத்துக்கொண்டது.

அந்த வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். எதற்காக வாங்குகிறோம் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ எஸ்.பி. தியாகராஜன் 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். விடுபட்டது ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கடைக்குப் போய்வந்த பையனுக்கும் கொலைச் சதிகாரனுக்கும் நடுவில் இருந்தது. 19 வயதில் பிடிபட்டவர் 2022 மே மாதம் விடுதலையானபோது 50-ஐத் தாண்டியிருந்தார். ஆளுநர் செய்த தாமதத்தைக் காரணம் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிரபராதி என்று சொல்லி அல்ல. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்குப் பிடித்தவர் என்பதற்காகத் தீர்ப்பில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னால், ஒரு வரியை விட்டு எழுதிய அதிகாரிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பேரறிவாளனுக்காகப் பேசுவது தமிழருக்கு எளிது. அவர் தாய் அற்புதம்மாளின் முகம் நம் வீட்டு அம்மாவின் முகம். பகுத்தறிவுக்கு அங்கே சோதனை இல்லை. சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. நாசிக்குக்குப் போவோம்.

2003 ஜூன். தோட்டத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு கூலிக் குடும்பத்தின் மீது இரவில் ஒரு கும்பல் பாய்ந்தது. ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமையும் நடந்தது. கேட்டாலே வயிற்றைப் புரட்டும் குற்றம். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு கூலிக்காரர்கள் பிடிபட்டார்கள். 2006-ல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு கொடுத்தது. மறு ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அந்த மூவருக்கும் சேர்த்து மறுபடி ஆறு பேருக்கும் தூக்கு என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு மேலே நீதிமன்றம் இல்லை. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

தப்பிப் பிழைத்த பெண் ஒருவர் இருந்தார். வழக்கின் முக்கியச் சாட்சிகளில் அவரும் ஒருவர். சம்பவம் நடந்த சில நாட்களுக்குள், போலீஸ் வைத்திருக்கும் பழைய குற்றவாளிகளின் போட்டோ ஆல்பத்தை அவரிடம் காட்டியபோது நான்கு பேரை அவர் அடையாளம் காட்டினார். அந்த நால்வரும் இந்த ஆறு பேரில் இல்லை. வேறு ஆட்கள். அந்த நால்வர் மீது போலீஸ் வழக்குப் போடவில்லை, அவர்களை ஏன் விட்டார்கள் என்று விளக்கவும் இல்லை. அந்த ஆவணத்தை அரசுத் தரப்பு முன்னே எடுத்து வைக்கவே இல்லை. மறு ஆய்வு மனுவில் 2018-ல் தன் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்ற உச்ச நீதிமன்றம், வழக்கை முதலிலிருந்து கேட்டு, 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரையும் விடுதலை செய்தது. ஏழைகள், நாடோடிகள் என்பதால் பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது என்றது. ஆறு பேரில் ஒருவர் சம்பவத்தின்போது 18 வயதுகூட நிரம்பாதவர். உள்ளே இருந்தது ஏறத்தாழ 16 ஆண்டு. ஆளுக்கு 5 லட்சம் கொடுக்க மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவு.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது 2009-ஐப் பற்றித்தான். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம், எல்லாத் தாள்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஆயுள் கைதிகள் மூவரைத் தூக்கு மேடைக்கு ஏற்றியது. நீதிபதிகள் முட்டாள்கள் இல்லை, கெட்டவர்களும் இல்லை. குற்றத்தின் கொடூரத்தை அவர்கள் முழுமையாக உணர்ந்திருந்தார்கள். அங்கேதான் வழுக்கியது. குற்றம் எவ்வளவு கொடூரமோ அவ்வளவு வலுவான ஆதாரம் வேண்டும் என்பது அறிவுக்கணக்கு. நம் மனமோ நேர்மாறாகக் கணக்குப் போடுகிறது. சைக்கிள் திருட்டு என்றால் பில் எங்கே என்று கேட்போம். ஐந்து கொலை என்றால் ஆள் கிடைத்தால் போதும்.

இங்கிலாந்தில் இதைவிடச் சுத்தமாக ஒரு நீதிபதி சொன்னார். 1974-ல் பர்மிங்ஹாம் மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்களுக்கு ஆயுள். எங்களை அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள் என்று அவர்கள் போலீஸ் மீது வழக்குப் போட்டபோது, 1980-ல் டென்னிங் பிரபு அதைத் தள்ளினார். இவர்கள் ஜெயித்தால் போலீஸ் அடித்தது உண்மையாகிவிடும், கூண்டில் ஏறிப் பொய் சொன்னது உண்மையாகிவிடும், தண்டனையே தவறாகிவிடும். அப்படியொரு பயங்கரக் காட்சியை எண்ணிப் பார்க்கும் எவரும் இந்த வழக்கு மேலே நகரக் கூடாது என்பார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இது உண்மையானால் விளைவு பயங்கரம், ஆகவே இது உண்மையாக இருக்க முடியாது. கடவுள் இல்லாவிட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும், ஆகவே கடவுள் உண்டு என்று வாதாடும் உபன்யாசகரை நாம் எத்தனை முறை கிண்டல் செய்திருப்போம்! அந்த ஆறு பேரும் 1991-ல் தண்டனை ரத்தாகி வெளியே வந்தார்கள்.

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் ஆதாரம் என்று நின்றால் உண்மையான குற்றவாளி தப்பித்துவிட மாட்டானா?

தப்பிப்பான். இதற்கு மழுப்பல் பதில் எனக்குப் பிடிக்காது. சிலர் தப்பிப்பார்கள். அவர்கள் தெருவில் நடப்பார்கள். பாதிக்கப்பட்ட குடும்பம் அவர்களைப் பார்த்துக்கொண்டு வாழும். நிரபராதி என்ற அனுமானத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. விலையே இல்லை என்று சொல்பவர் பொய் சொல்கிறார். சென்னைப் புறநகரில் 2017-ல் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவரை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கேட்டவர்களெல்லாம் நீதிமன்றத்தைத் திட்டினார்கள். அரசுத் தரப்பு நம்பியிருந்த சிசிடிவி பதிவை ஏன் முறைப்படி நீதிமன்றத்தில் வைக்கவில்லை, இலவச வழக்கறிஞர் நியமனமான சில நாட்களிலேயே ஏன் விசாரணையை ஓட்டினார்கள் என்று போலீசையும் அரசையும் பார்த்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்? சமையலறையில் வேகாத சோற்றுக்குப் பரிமாறியவரைத் திட்டுகிறோம். அந்தக் குழந்தைக்குப் போலீஸ் செய்ய வேண்டிய கடமை கவனமான விசாரணை. மக்களின் கோபத்தை ஆற்ற அவசரத் தீர்ப்பு வாங்குவது அந்தக் குழந்தைக்குச் செய்த இரண்டாவது அநியாயம்.

எதிர்வாதம் பார்க்க மறுக்கும் ஒரு பக்கமும் இருக்கிறது. தவறான ஆளைப் பிடித்து உள்ளே போட்ட அந்த நிமிடம் சரியான ஆள் விடுதலை ஆகிறார். அதுவும் வழக்கு முடிந்தது என்ற அரசு முத்திரையோடு. லண்டனில் திமோதி எவன்ஸ் என்பவரை, தன் கைக்குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். அவரும் போலீசிடம் ஒப்புக்கொண்டவர்தான். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டில் பிணங்கள் கிடைத்தன. எவன்ஸ் தூக்கில் தொங்கிய பிறகு கிறிஸ்டி கொன்றது நான்கு பெண்களை, தன் மனைவி உட்பட. ஒரு நிரபராதி சாவதைவிடப் பத்துக் குற்றவாளி தப்புவது மேல் என்ற பழைய கணக்கைச் சட்டக் கல்லூரியில் ஒப்பிப்பார்கள். இந்த மாதிரி வழக்குகளில் அந்தத் தராசே பொய். நிரபராதியும் செத்தார், குற்றவாளியும் தப்பினார், மேற்கொண்டு நான்கு பேர் போனார்கள். நாசிக் ஆல்பத்தில் அந்தப் பெண் காட்டிய நான்கு முகங்களைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசியுங்கள். உண்மையில் அவர்களா இல்லையா என்பதை இனி யார் கண்டுபிடிப்பது?

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒரு கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்டவர்கள். அந்த இடத்தில் போலீசார் மீது மக்கள் பூ தூவினார்கள். நம் பக்கத்திலும் அன்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்காதவர் குறைவு. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் பிறகு சொன்னது: கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், நால்வரில் மூவர் சிறுவர்கள். அவர்கள் குற்றவாளிகளா? தெரியாது. இனி எப்போதும் தெரியாது. பூ தூவியவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

படித்தவர்கள் இதற்கு விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2018 ஜூலையில் அயனாவரம் சிறுமி வழக்கில் பிடிபட்ட 17 பேரைச் சென்னை நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே வழக்கறிஞர்கள் அடித்தார்கள். இவர்களுக்காக யாரும் ஆஜராக மாட்டோம் என்றும் அறிவிப்பு வந்தது. சாட்சியச் சட்டத்தைப் பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்கள்! 2020-ல் தீர்ப்பு வந்தது. ஒருவர் விசாரணைக் காலத்தில் இறந்துவிட்டார், 15 பேர் குற்றவாளிகள், ஒருவர் விடுதலை. அந்த ஒருவர் மீது விழுந்த அடியை யார் திரும்ப எடுத்துக்கொள்வது? (இப்படி ஆஜராக மாட்டோம் என்று தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் தமிழ்நாட்டுடையதுதான். கோவை வழக்கறிஞர்கள் அன்று ஆஜராக மறுத்தது யாருக்குத் தெரியுமா? குற்றம்சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்கு.)

தவறான மரண தண்டனை என்றதும் தமிழருக்குக் கோவலன் நினைவு வரும். விசாரிக்காமல் கொன்ற பாண்டியன், பரல் தெறித்ததும் உயிரை விட்ட பாண்டியன் என்று பெருமையாகவே சொல்வோம். சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நாழிகை பிடித்திருக்காது. முத்தா மாணிக்கமா என்று அரசியைக் கேட்டாலே போதும். அதைச் செய்யாத அரசன் செத்துப்போனதால் நீதிமான் ஆகிவிட்டார். அதுகூடப் போகட்டும். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் பின்னால் நடந்தது எழுதியிருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி செய்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னதற்கு, அந்தத் தொழில் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் இல்லாத ஆயிரம் பேர். விசாரணையின்றி ஒருவனைக் கொன்ற பாவத்துக்கு விசாரணையின்றி ஆயிரம் பேரைக் கொன்று பரிகாரம். பட்டிமன்றத்தில் கோவலனுக்காகவும் மாதவிக்காகவும் தொண்டை வற்றப் பேசுகிறார்கள். இந்த ஆயிரம் பேருக்காக யாரும் வாதாடி நான் கேட்டதில்லை.

அதே பாண்டிய நாட்டில், 2025 ஜூனில், மதுரைக்குப் பக்கத்துத் திருப்புவனத்தில் காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு புகார். கோயில் காவலாளி ஒருவரை விசாரணைக்கு அழைத்துப்போனார்கள். போலீஸ் பிடியில் அவர் இறந்தார். காவலர்கள் கைதாகி, வழக்கு சிபிஐக்குப் போனது. அப்போதும் என் காதில் விழுந்த கேள்வி, “கடைசியில நகையை எடுத்தது அவர்தானா இல்லையா?” என்பது. எடுத்திருந்தால் அடித்தது சரியாகிவிடும் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75-க்கு மேல். சட்டத்தின் கண்ணில் இவர்கள் ஒவ்வொருவரும் நிரபராதி. இவர்களில் எத்தனை பேர் நாளை விடுதலையாகி, போன வருடங்களுக்குக் கணக்குக் கேட்கப் போகிறார்கள்? கேட்டால் என்ன கிடைக்கும்? பீகாரில் ஒருவர் 1968-ல் விடுதலைத் தீர்ப்பு பெற்றும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். 1983-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு அவருக்கு மொத்தமாகக் கிடைத்தது 35,000 ரூபாய். அதுவும் உரிமையாக அல்ல, நீதிமன்றம் மனம் வைத்ததால். தவறாக வழக்குப் போட்டுச் சிறையில் வைத்தால் அரசு இழப்பீடு தருவதைச் சட்டமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-வது அறிக்கையில் சொன்னது. ஐந்து வருடம் கழித்து 2023-ல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் அடியோடு மாற்றி எழுதினார்கள். பெயர் மாறியது, பிரிவு எண்கள் மாறின, காலனிய மிச்சம் ஒழிந்தது என்று உரைகள் நிகழ்ந்தன. அறிக்கை கேட்ட இழப்பீட்டுச் சட்டம் அதற்குள் வரவில்லை. ஆதாரமில்லாமல் கைதானவருக்குப் பழைய சட்டம் கொடுத்த நிவாரணம் மட்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399-வது பிரிவாக அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது: மாஜிஸ்திரேட் விரும்பினால், அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அதையும் கொடுக்க வேண்டியது அரசு இல்லை, அவரைப் பிடித்துக் கொடுக்கக் காரணமாயிருந்த ஆள்.